ஹனா என்றால் பூ

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊரார் பெயர்களையெல்லாம் பெரிது பெரிதாக அடித்துக் கொடுக்கிறவன் ஜெனித். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அந்தப் பெயர் பேனரில் எப்படி நிற்கும் என்பது அவனுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனுக்குத் தன் சொந்த மகளின் பெயர் விஷயத்தில் ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. தூக்கமும் இல்லை. உட்கார்ந்தால் காலாட்டினான், நின்றால் செல்போனை எடுத்து எடுத்துப் பார்த்தான்.

பெயர் ஹனா. இரண்டே எழுத்து. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஞானஸ்நானம்.

அந்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு அவன் செய்த வியாபாரம் கொஞ்சநஞ்சமல்ல. மனைவி வெனிலா கொரிய சீரியல் பைத்தியம். அவளிடம் போய், "கொரியால ஹனான்னா ஒண்ணுன்னு அர்த்தம்" என்றான். அவள் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ரெண்டாவது பொண்ணுக்கு ஒண்ணுன்னு பேரா? கணக்குல நீ இன்னா மார்க்கு?" என்று சிரித்தாலும் ஒத்துக்கொண்டாள். எதிரே செல்போன் கடை வைத்திருக்கும் பாயிடம், "அரபியில சந்தோஷம்னு அர்த்தமாமே பாய்" என்றான். அவர் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வெனிலாவே பிறகு செல்போனைக் குடைந்து, பின்லாந்துக்காரர்கள் தண்ணீர்க் குழாயை ஹனா என்கிறார்கள் என்றும், ஜப்பான்காரர்களுக்கு அது மூக்கும்கூட என்றும் கண்டுபிடித்தாள். "மூக்கு ஒழுகினா பைப்புன்னு கூப்பிட்டுக்கலாம், ரெண்டுக்கும் ஒரே பேரு" என்று இரண்டு நாள் அதையே சொல்லிச் சிரித்தாள்.

அப்பா இருதயநாதனிடம் மட்டும் அவன் வெகு ஜாக்கிரதையாகப் பேசினான். அவர் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து ஓய்ந்த மனிதர். சுமை இறங்கிய பிறகும் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருப்பார்.

"கொழந்தைக்கு ஹனான்னு பேரு வெக்கலாம்னு இருக்கோம்பா."

"ஆனா?"

"ஹனா."

"ஆனா இன்னா? மேல சொல்லு."

"பேரே அதாம்பா. ஜப்பான் பாஷையில பூவுன்னு அர்த்தம்."

"பூவா?" கிழவர் கொஞ்சம் யோசித்தார். "உங்க அம்மாளுக்குப் பூவுன்னா உசுரு. வையி" என்றார். அதோடு அவருக்கு அந்த விஷயம் முடிந்துவிட்டது. பேத்தியை மடியில் வாங்கி, "ஆனா, அடியே ஆனா" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்டது போலவே இருந்தது. ஜெனித் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவான்.

ஏன் எழுந்து போகவேண்டும் என்றால், அந்தப் பெயருக்கு இன்னொரு அர்த்தம் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. எபிரேய மொழியில் அது அருள். வேதாகமத்தில் பிள்ளை வரம் கேட்டு அழுகிறவளுக்கு அந்தப் பெயர். அது மேற்கே போய், கடல் கடந்து, பிறகு சாமியார்களோடு தமிழ்நாட்டுக்கு வந்தபோது அன்னம்மாள் ஆயிற்று. அன்னம்மாள் என்பது ஜெனித்தின் அக்கா பெயர்.

அக்கா எட்டு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தென்னரசு என்கிற எலெக்ட்ரீஷியனைத் திருவாமாத்தூர் சிவன் கோயிலில் மாலை மாற்றிக் கட்டிக்கொண்டு விழுப்புரத்தோடு போய்விட்டாள். இந்து. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிக்கவில்லை, சாமியார் ஆசீர்வாதம் இல்லை, அப்பாவிடம் ஒரு வார்த்தை இல்லை. இருதயநாதன் அன்றைக்குக் கிணற்றடியில் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, "அவ செத்துட்டா. அந்தப் பேரு இனிமே இந்த வூட்ல கேக்கக் கூடாது" என்றார். கேட்கவில்லைதான். புனித அன்னம்மாள் திருநாள் பூசைக்குக்கூட மனிதர் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

ஜெனித்துக்கு அக்கா என்றால் கொள்ளைப் பிரியம். அவள் தையல் கம்பெனிக்குப் போய்ச் சம்பாதித்த காசில்தான் அவன் டிடிபி படித்தான். அம்மாவுக்குப் பயந்தானோ இல்லையோ, அவளுக்குப் பயந்தான். இவ்வளவு பிரியம் இருந்தும் இத்தனை வருஷத்தில் அவன் செய்ததெல்லாம், அவள் ஸ்டேட்டஸ் வைத்தால் ஒரு சிவப்பு இதயம் அனுப்புவது, அவள் பிறந்தநாளுக்குக் கேக் படம் அனுப்புவது. விழுப்புரம் இருக்கிறது கூப்பிடு தூரத்தில். அவன் போனதில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்கிற ஒரே எண்ணத்தில் வருஷங்கள் ஓடிவிட்டன.

அப்படி இருக்கும்போதுதான் இரண்டாவது பெண் பிறந்தாள், செல்போனில் பெயர் தேடும்போது ஹனா அகப்பட்டது. அவனுக்கு அன்றைக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. அக்காவின் பெயரையே ஜப்பான்காரன் வேஷம் கட்டி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். அப்பா வாயாலேயே தினமும் கூப்பிட வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. என்ன மூளை, என்ன மூளை என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

அந்தத் தட்டிக்கொடுத்தல் சனிக்கிழமை காலை வரைக்கும்தான் தாங்கியது. திருவிழா பேனருக்கு ஆர்டர் கொடுக்கப் பங்குச் சாமியார் ஃபாதர் சவுரிராயன் கடைக்கு வந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து சில மாதம்தான் ஆகிறது. ஜெனித்தைவிடச் சற்றே மூத்தவர். ரோமாபுரியில் போய்ப் படித்தவர், வார்த்தை என்றால் அவருக்கு அல்வா. ஞானஸ்நானம் கொடுக்கும்போதெல்லாம் பிள்ளையின் பெயர் எந்த மொழி, என்ன வேர் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பிரித்து மேய்வார். போன மாதம் ஏதோ ஒரு பெயருக்கு மட்டும் அர்த்தமே அகப்படாமல், "இது பெற்றோரின் அன்பிலிருந்து வந்த சொல்" என்று சமாளித்ததை ஊரே சொல்லிச் சிரித்தது.

கம்ப்யூட்டர் திரையில் ரோஸ் கலரில் ஹனா என்று பெரிதாக இருந்தது. ஃபாதர் அதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடடா, ஹன்னா! நம்ம அன்னம்மாள் இல்ல இது?"

ஜெனித் அவசரமாகத் திரையை அணைத்தான். "இல்ல ஃபாதர், ஜப்பான்ல பூவு."

"அது வேற வார்த்தை தம்பி. சத்தம் ஒண்ணு, பொறந்த வீடு வேற. கொரியாக்காரன் சொல்றது வேற, அரபிக்காரன் சொல்றது வேற. ஒரே தெருவுல நாலு அந்தோணி இருந்தா நாலு பேரும் அண்ணன் தம்பியா? ஆனா எபிரேயத்து ஹன்னாவும் நம்ம அன்னம்மாளும் ஒரே ரத்தம். கிரேக்கனுக்கு அந்த ஹ வாயில வரல, அன்னான்னான். நம்மாளுங்க கூட ஒரு அம்மாவச் சேத்து அன்னம்மாள் ஆக்கிட்டாங்க. நாளைக்கு மறையுரையில நான் இதத்தான் விலாவாரியா சொல்லப்போறேன். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல பேரு!"

"வேணாம் ஃபாதர்."

"ஏன்?"

ஜெனித் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினான், மறுபடி ஏற்றினான், ஃபேனைப் போட்டான், அணைத்தான். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மாலை மாற்றியது, அப்பா தலைமுழுகியது, பூ என்று பொய் சொன்னது எல்லாம். ஃபாதர் குறுக்கே பேசாமல் கேட்டார். தான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சரி, நான் அன்னம்மாள் பேச்சை எடுக்கல. அதுக்குப் பதிலா வேதாகமத்து யோபு கதையச் சொல்லிட்டுப் போறேன்" என்று எழுந்தவர், வாசலில் நின்று சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா? அவங்க சந்தோஷப்பட்டாங்களா?"

சொல்லவில்லை. அது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஊரிலுள்ள எல்லாருக்கும் ஆளுக்கொரு அர்த்தம் பிரித்துக் கொடுத்தவன், பெயருக்குச் சொந்தக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்னால் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! இதை எப்படி மறந்தோம் என்று அவனுக்கு உடனே கால் பரபரத்தது. பேனரை அடித்துக் கட்டும்படி கடைப் பையன்களுக்குப் போனில் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை கடையை எதிர்க்கடை பாயிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பைக்கை எடுத்தான்.

கூட்டேரிப்பட்டு தாண்டுகிற வரைக்கும் அவனுக்கு ஒரே குஷி. அக்கா அழுவாள், கட்டிக்கொள்வாள், குழந்தை படத்தைக் காட்டச் சொல்வாள் என்று தனக்குத்தானே சினிமா ஓட்டிக்கொண்டு போனான். விக்கிரவாண்டி வந்ததும் குஷி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஏன் என்று தெரியவில்லை. டோல்கேட் ஓரமாக நிறுத்தி ஒரு சோடா குடித்தான். இத்தனை வருஷம் வராதவன் இன்றைக்கு என்ன முகத்தோடு போய் நிற்கப்போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பிவிடலாமா என்று பார்த்தான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்த அடியில் வண்டியை விழுப்புரம் பக்கமே விட்டான்.

தென்னரசு பெயரைச் சொல்லி விசாரித்துப் போய்ச் சேர்ந்தால், அக்காவின் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பக்கத்து வீட்டு அம்மாள், "மல்லாட்டை மண்டிக்குப் போயிருக்கு" என்று வழி சொன்னாள். மண்டியில் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து முறத்தில் நிலக்கடலைப் பருப்பைப் புடைத்துச் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. போட்டோவில் அது தெரிந்ததில்லை.

"யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் அன்னம்மாள். அதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்லக்கா. நல்ல சேதிதான்."

"அப்பா நல்லாக்கீறாரா?"

"நல்லாக்கீறாரு."

அவள் முறத்தை வைத்துவிட்டு வந்து, வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவன் ஆரம்பித்தான். ஜப்பான் சொன்னான், கொரியா சொன்னான், பாய் டீ வாங்கிக் கொடுத்ததைச் சொன்னான், குழாயையும் மூக்கையும்கூட விடவில்லை. மூக்கு என்றதும் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, கடைசியில் எபிரேயத்தைச் சொன்னான்.

"உன் பேருதாங்கா அது! அப்பாவுக்குத் தெரியாது. பூவுன்னு நெனச்சிக்கினு தெனம் கூப்புட்றாரு. உன்ன உள்ள கொண்ணாந்துட்டேன் பாத்தியா?"

அன்னம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மடியில் ஒட்டியிருந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கோபமா வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உன் பெரிய பொண்ணு பேரு இன்னா?"

"அந்தோணிமேரி. அம்மா பேரு."

"எப்ப வெச்ச?"

"அம்மா செத்த மறு வருசம் பொறந்தா. அதனால…"

"உன் ஞானஸ்நானப் பேரு யாரு பேரு?"

"பெரியப்பா பேரு. மோட்ச ராக்கினி தெருவுல இருந்தாரே, ரயில்ல அடிபட்டு…" சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான்.

"என் பேரு? ஆயா பேரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி செத்தவங்க. நம்ம வூட்ல உசுரோட இருக்கறவங்க பேர எந்தக் கொழந்தைக்காவது வெச்சிக்கீறாங்களாடா? கண்ணு முன்னாடி ஆளு நடமாடிக்கினு இருக்கச்சொல்ல அந்தப் பேர எடுத்து இன்னொருத்தருக்கு வெச்சா, அவங்கள அனுப்பிட்டோம்னு அர்த்தம். நம்ம பெரியம்மா பேர ஒரு கொழந்தைக்கு வெக்கப் பாத்ததுக்கு அவங்க சண்ட போட்டு அந்த வூட்டுக் கல்யாணத்துக்கே வராம இருந்தாங்களே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அந்தச் சண்டையில் அவன்தான் தூது போனான். ஆனால் ஹனா என்று செல்போனில் பார்த்த நாளிலிருந்து, அது வேறு ஏதோ தேசத்துச் சொல் என்று நினைத்துக்கொண்டதில், வீட்டு வழக்கம் அவன் புத்திக்கு எட்டவே இல்லை. அப்பாவை ஏமாற்றக் கட்டிய வேஷத்தில் அவனே ஏமாந்துபோயிருந்தான்.

"அக்கா, நான் அந்த மாதிரி நெனைக்கல."

"நீ எதத்தான் நெனச்ச? ஜப்பான்ல பூவு, கொரியால ஒண்ணு. நான் எந்த ஊர்ல செத்தேன், அதச் சொல்லு. அப்பா வாயாலதான் தலமுழுகுனாரு. கோவத்துல சொன்னாரு, ஒரு நாளிக்கி ஆறும்னு நானும் இருந்துக்கினு இருக்கேன். நீ கோயில்ல வெச்சி, சாமியாரு சாட்சியா தண்ணி ஊத்தி முடிச்சி வெக்கப் போற."

"பேஜாரு பண்ணாதக்கா. பாசத்துல செஞ்சது."

"பாசமா? அம்மா அடக்கத்தன்னிக்கி கல்லறத் தோட்டத்து கேட்டாண்ட நின்னேன். உள்ள வுடல. நீ என்னப் பாத்த. பாத்துட்டு, பாக்காத மாதிரி குனிஞ்சி மண்ண எடுத்துப் போட்ட. அன்னிக்கும் உனக்குப் பாசந்தான்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் பேர மட்டும் பைக்ல ஏத்திக்கினு போறியே, என்ன ஏத்திக்கினு போவணும்னு உனக்குத் தோணலியாடா?"

ஜெனித் துள்ளி எழுந்தான். "வா, இப்பவே ஏறு. போலாம்."

"உன் முதுவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு வர்றதுக்கு நான் வர மாட்டேன். அப்பா நெனச்சா வர்றேன். அவரு நெனைக்கணும்னா, அந்த வூட்ல யாராவது ஒருத்தரு, அன்னம்மா இருக்காப்பா, செத்துப் போவலன்னு அவரு மூஞ்சிக்கி நேரா சொல்லணும். இத்தினி வருசமா அத ஒருத்தரும் சொல்லல. நீ அதுக்குப் பயந்துக்கினு உலகத்துல இருக்கற பாஷையெல்லாம் பொறட்டிக்கினு இருந்த."

உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். அவள் எழுந்து புடவையை உதறினாள். போவதற்கு முன், "கொழந்த போட்டோவக் காட்டு" என்றாள். காட்டினான். நீண்ட நேரம் பார்த்தாள். "அப்பா சாடை" என்று சொல்லிவிட்டு முறத்துக்குப் போய்விட்டாள்.

அவன் திண்டிவனம் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கடைப் பையன்கள் பேனரையும் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ரோஸ் கலரில், ரோஜாப்பூக்களுக்கு நடுவில், ஹனா. கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் அவன் இதே எழுத்துருவைத்தான் போடுவான். அதை இப்போதுதான் கவனித்தான்.

வெனிலாவைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னான். அவளுக்கு வந்த கோபம் வேறு மாதிரி இருந்தது.

"எங்கிட்டகூட மறச்சிட்ட இல்ல? கொரியாவாம், ஒண்ணாம். நானும் லூசு மாதிரி எங்க அம்மா வூடு பூரா சொல்லிக்கினு இருந்தேன்."

"மன்னிச்சிரு வெனி. இப்ப இன்னா பண்றது?"

"போயி மாமாகிட்ட சொல்லு. நாளைக்கு விடிஞ்சா கோயிலு. ஜல்தி போ."

போனான். இருதயநாதன் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். முடியட்டும் என்று நின்றான். முடிந்தது. "இன்னாடா?" என்றார். "காபி வேணுமாப்பா?" என்றான். காபி கொண்டுபோய்க் கொடுத்தான். குடித்து முடித்த டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றான். "இன்னாடா?" என்றார் மறுபடி. "நாளைக்கு வெள்ள வேட்டி எடுத்து வெக்கட்டுமா?" என்றான். வெனிலா கதவு இடுக்கிலிருந்து தலையில் அடித்துக்கொண்டாள். சாப்பிடும்போது சொல்லலாம் என்று பார்த்தால் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் போனால் சொல்லலாம் என்று பார்த்தால் அப்பா போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். ஜெனித் தன்னை நினைத்து வெட்கப்பட்டான். மூட்டை சுமந்த மனிதருக்குப் பிறந்துவிட்டு ஒரு வாக்கியத்தைச் சுமக்க முடியவில்லையே என்று இருந்தது.

ஞாயிறு காலை பெரிய பூசை முடிந்து, ஞானஸ்நானத்துக்காக எல்லாரும் கோயில் முகப்பில் கூடினார்கள். வெனிலாவின் சித்தி இருதயமேரிதான் தலைதொட்டம்மா, அதாவது ஞானத்தாய். வெள்ளை கவுன் போட்ட குழந்தை அவள் கையில். இருதயநாதன் மொடமொடவென்று வேட்டி கட்டி, பெரிய பேத்தி அந்தோணிமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். அவர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். வந்தவர்களிடமெல்லாம், "ஆனான்னு பேரு. ஜப்பான்ல பூவுன்னு அர்த்தமாம்" என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க ஜெனித்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டியது.

சவுரிராயன் சாமியார் புத்தகத்தைத் திறந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, பெயரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காமல் நேரே சடங்குக்கு வந்தார். ஆனால் சடங்கிலேயே முதல் கேள்வி அதுதான்.

"உங்கள் குழந்தைக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன?"

இருதயமேரி வாயைத் திறந்தாள். "ஹ…"

"இருங்க சித்தி" என்றான் ஜெனித்.

சத்தம் பெரிதாக வந்துவிட்டது. பின்னால் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஃபாதர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தார். வெனிலா அவன் கையைப் பிடித்தாள், பிடித்த பிடியில் வலித்தது. அப்பா முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று அக்கா சொன்னாள். அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

"பேரு ஒண்ணு வெச்சிருந்தேன்பா. ஆனா அது பூவு இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன். வேதத்துல அது அன்னம்மாள். அக்கா பேரு." ஒரு எட்டு முன்னால் வைத்தான். "அக்கா இருக்காப்பா. செத்துப் போவல. நேத்து போயி பாத்துட்டு வந்தேன். விழுப்புரத்துல மல்லாட்டை மண்டியில வேலை செய்யுது. தலையெல்லாம் நரைச்சிப் போச்சிப்பா."

சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லாரும் இருதயநாதனையே பார்த்தார்கள். அவர் கழுத்து நிமிர்ந்தபடியே இருந்தது. முகம் கறுத்து, தாடை இறுகி, பேத்தியின் கையை விட்டுவிட்டார். கிழவர் வெளியே போய்விடப்போகிறார் என்று ஜெனித் நினைத்தான். வழியில் நின்ற ஒருவர் அதற்காக ஒதுங்கியும் கொடுத்தார்.

அவர் போகவில்லை. தொண்டையைச் செருமினார். ஒருமுறை செருமியது போதாமல் மறுபடி செருமினார். பிறகு பாதி ஊர் கேட்கக் கத்தினார்.

"அறிவு இருக்காடா உனக்கு? உசுரோட இருக்கறவ பேர எவனாவது கொழந்தைக்கி வைப்பானாடா? நம்ம வூட்ல அந்த வழக்கம் உண்டா? வேற பேரு வையிடா!"

இருதயமேரி ஒன்றும் புரியாமல் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள். ஃபாதர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜெனித்துக்கு எந்த மொழியிலும் வேறு ஒரு பெயர் ஞாபகம் வரவில்லை. அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, கோயில் வாசல் என்றும் பாராமல், சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதான்.